நம் நிலத்து மரங்களை அறிவோம்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாக் கொண்டாடும் கல்விக் கழகத்தின் மேடையில் தேர்வு, உதவித்தொகை, வேலைவாய்ப்பு, இடஒதுக்கீடு ஆகியன பற்றிப் பேசுவதே முறை. அவற்றைப் பேசுதற்கு நம்மினும் தகுதியுடையோர் இம்மேடையில் அமர்ந்துள்ளனர். ஆகவே நாம் மரத்தைப் பற்றிப் பேசத் துணிந்தோம். "விறகு வெட்டப் போகாதே, படி" என்று சொல்லித்தான் நம் பெற்றோர் நம்மைப் பள்ளிக்கு அனுப்பினர். இக்கழகமும் இருபத்தைந்து ஆண்டுகளாக அதையே சொல்லி வந்திருக்கிறது. அவ்வாறிருக்க, மறுபடியும் இளைஞர்களை மரத்தடிக்கு அனுப்ப வந்தீர்களோ என்று சிலர் ஐயுறலாம். அவ்வையத்துக்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறித் தொடங்குகிறோம்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று நம் நகரம் இருந்த நிலையை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். வீதிதோறும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. 1826ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் அமைத்த தாவரவியல் பூங்காவில் நூற்றாண்டு கண்ட மரங்களும் வேரோடு பெயர்ந்தன. அவற்றையெல்லாம் அறுத்து அப்புறப்படுத்த ஆள் வேண்டியிருந்தது. யார் போனார்கள்? நம் பிள்ளைகள் போனார்கள். நாள் முழுதும் அறுத்தார்கள், சுமந்தார்கள், வண்டியில் ஏற்றினார்கள், கூலி பெற்றுத் திரும்பினார்கள். மரத்தை வாங்கியவர் எல்லாவற்றையும் எடைக்கணக்கில், விறகு விலையில் எடுத்துக்கொண்டார்.

அந்தக் குவியலின் அருகே நம் தெருப் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். எழுத்தறியாதவர். ஒரு துண்டைக் காலால் புரட்டிப் பார்த்து, "இது பூவரசு, நல்ல வைரம் பாய்ந்தது. இதைப் போய் அடுப்பிலா வைப்பது?" என்றார். அறுத்த முகத்தில் காப்பிக்கொட்டை நிறத்தில் வைரம் தெரிந்தது. அவர் சொல்லுமளவும் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் ஒருவர்க்கும் அது என்ன மரம் என்று தெரியவில்லை. எமக்கும் தெரியவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். பெயர் அறியாதவன் கையில் எல்லாம் விறகாகவே இருந்தது. பெயர் அறிந்தவன் அதே கட்டையைத் தச்சுப் பட்டறையில் வேறு விலைக்கு விற்றிருப்பான். சுமந்த தோள் நம்முடையது. அந்த விலை வேற்றுமை மட்டும் நம்மிடம் வந்து சேரவில்லை.

இந்த அறிவு நம்மிடம் என்றும் இல்லாதிருந்து இன்று புதிதாகப் பெற வேண்டியதன்று. நம் பாட்டிமார் விறகுக்குப் போன காலத்தில், எது புகையாமல் எரியும், எது பொறி பறக்கும், எது அடுப்பேறியதும் சாம்பலாகிவிடும் என்பதைக் கையால் தூக்கிப் பார்த்தே சொன்னார்கள். ஒதி பெருத்தால் உத்திரத்துக்கு ஆகுமா என்ற பழமொழியைக் கேட்டிருப்பீர்கள். அதனை ஆளைப் பழிக்கும் சொல்லாகவே நாம் வழங்கி வருகிறோம். உண்மையில் அது மரத்தைப் பற்றிய ஒரு பாடம். ஒதியமரம் விரைந்து பருக்கும். பார்வைக்கு உத்திரம் போலத் தோன்றும். ஆயினும் அதன் கட்டை மெத்தென்றது, பூச்சிக்கு எளிதில் இரையாவது. இதை யாரோ ஒருவர் வீட்டுக்கு உத்திரமாக இட்டு, வீடு இறங்கிய பின்னரே கண்டறிந்திருக்க வேண்டும்!

இனி, நம்மைச் சுற்றியுள்ள மரங்கள் யாவை எனக் காண்போம். கோரிமேடு தொடங்கிக் காலாப்பட்டு வரையும், அதற்கு மேற்கே வானூர்ப் பக்கமும் செம்மண் மேடாகக் கிடக்கும் நிலம் ஒரு காலத்தில் காடாக இருந்தது. கோரமண்டலக் கரை நெடுகிலும் இருந்த அக்காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்பர் தாவரவியலார். ஆண்டில் பல மாதங்கள் மழையின்றியும் இலையுதிர்க்காமல் நிற்கும் குறுகிய, தடித்த இலை மரங்கள் அதன் சிறப்பு. இன்று அக்காட்டில் எஞ்சியிருப்பன பெரும்பாலும் கோயிற்காடுகளே. நம் நகருக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு அவற்றுள் ஒன்று. புதுவைப் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகளாக அங்கு மரங்களை எண்ணி, அளந்து ஆராய்ந்துள்ளனர்.

அக்காட்டு மரங்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: வீரை, காயா, கருங்காலி, பாலை, புரசு. காயாவை நம் சங்கப் புலவர்கள் அதன் நீலப் பூவுக்காகப் போற்றினர். அதே காயாவின் கம்பு வளைத்தாலும் எளிதில் முறியாத உறுதியுடையது என்பதை விறகுக்காரி அறிவாள். பாலையின் கட்டை நீரில் இட்டால் அமிழ்ந்துவிடும்; உலக்கைப் பாலை என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. புரசின் கட்டை மஞ்சள் நிறமும் பட்டுப் போன்ற பளபளப்பும் நறுமணமும் கொண்டது. ஈழத்தில் இதே மரத்தை முதிரை என்பர். வன்னியில் பாலையும் முதிரையும் வீட்டுக்கும் தளபாடத்துக்கும் பெயர்பெற்றவை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறியாக வேண்டும். ஊர்ப்பெயர் ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். செந்நிறப் பூப் பூக்கும் பலாசத்தையும் புரசு என்று சொல்லும் ஊர்கள் உண்டு. கருங்காலி என்னும் பெயரும் இருவேறு மரங்களுக்கு வழங்குகிறது: ஒன்று கரிய வைரம் கொண்ட மரம், மற்றொன்று முள்ளுடைய, காசுக்கட்டி எடுக்கும் மரம். அண்மை ஆண்டுகளில் கருங்காலி மாலை அணியும் வழக்கம் ஊரெங்கும் பரவியதைக் கண்டோம். அம்மாலைகளுள் எத்தனை மெய்யாகவே கருங்காலி, எத்தனை சாயம் ஏற்றிய வேறு கட்டை என்று அணிந்தவர்க்கே தெரியாது. கரிய வைரம் என்பது முதிர்ந்த மரத்தின் நடுவில் மட்டுமே தோன்றுவது. இளமரத்தை வெட்டினால் வெளுத்த கட்டையே கிடைக்கும். அதுகூட அறியாமல் இளமரத்தை வெட்டுபவன் மரத்தையும் இழக்கிறான், பொருளையும் பெறுவதில்லை.

கோயிற்காட்டுக்கு வெளியே, வரப்பிலும் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் நிற்கும் மரங்கள் வேறு. கருவேல், வெள்வேல், உசிலை, வேம்பு, நுணா, வெப்பாலை, புங்கு, பூவரசு, பனை ஆகியன அவை. இவற்றை நிற்கும்போது அறிவது எளிது. உசிலையின் இலையை உலர்த்தி இடித்தால் அரப்புத்தூள். நம் தாய்மார் தலைக்குத் தேய்த்ததே அது. வெப்பாலையின் இலையைக் கிள்ளினால் பால் வடியும். காய்கள் இரண்டிரண்டாக நுனியில் சேர்ந்து தொங்கும். வெள்வேலுக்கு வெளுத்த பட்டை. அப்பட்டையைச் சாராயம் காய்ச்சுவோர் நன்கறிவர், அதற்கு மேல் அதைப்பற்றி இவ்வவையில் சொல்ல வேண்டியதில்லை. நுணாவின் காய் கண் கண்ணாக இருக்கும்.

வெட்டுண்டு கிடக்கும்போது அறிவதே கடினம். இலையில்லை, பூவில்லை, சில வேளை பட்டையுமில்லை. அப்பொழுது கட்டையே பேச வேண்டும். இங்கே நம் முன்னோர் இலக்கணம் ஒன்று கைகொடுக்கிறது. வெளிப்புறம் வயிரமானவற்றைப் புல் என்றும், உட்புறம் வயிரமானவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்தது. புறக்காழ், அகக்காழ் என்பன அதன் சொற்கள். அந்தக் கணக்கில் பனை புல்லே. பனஞ்சட்டம் அறுப்பவர் வெளிப்பக்கத்தை எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் சோற்றைத் தள்ளுவதும், வேம்பு அறுப்பவர் நடுவைக் காத்து வெளிப்பக்கத்தைத் தள்ளுவதும் அதனால்தான்.

அகக்காழ் மரத்தின் அறுத்த முகத்தைப் பார்த்தால், நடுவே வைரமும் அதைச் சுற்றி வெளிறும் தெரியும். வைரத்தின் நிறமே முதல் அடையாளம். கருவேலின் வைரம் முதலில் இளஞ்சிவப்பாக இருந்து நாளடைவில் கருஞ்சிவப்பாகும். உசிலையின் வைரம் ஊதா கலந்த பழுப்பு. நுணா மஞ்சள், இலேசான கட்டையாதலால் அதனை நுகத்தடிக்குக் கொண்டனர். வெப்பாலைக்கு வைரம், வெளிறு என்ற வேறுபாடே தோன்றாது. முழுதும் தந்தம் போல வெண்மை. கருநாடகத்துச் சென்னபட்டணத்தில் பெயர்பெற்ற மரப்பொம்மைகளைக் கடைவது இம்மரத்தில்தான். நிறத்துக்கு அடுத்தது மணம். சிறிது சீவி மூக்கருகே கொண்டுசெல்லுங்கள், வேம்பு தன் பெயரைத் தானே சொல்லும். அதற்கடுத்தது கனம். இவற்றாலும் துணிய முடியாதபோது, குறுக்குமுகத்தைக் கூரிய கத்தியால் சீவி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்சு கொண்டு நோக்கினால் நுண்துளைகளின் அமைப்பு தெரியும். ஒவ்வொரு மரத்துக்கும் அவ்வமைப்பு வேறு. நம் நகரிலிருந்து சில மணி நேரப் பயணத்துக்குள் உள்ள திருவக்கரையில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 1781ஆம் ஆண்டில் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையறிஞர் அவற்றைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். கல்லாகிப் போன பின்னரும் அவை எக்குடும்பத்து மரங்கள் என்று அறிஞர் இனங்காண்பது இந்த நுண்துளைகளைக் கொண்டே!

இந்த அறிவு ஏட்டில் ஏறியபோது நம்மவர் பெயர் என்னவாயிற்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1816இல் லெஷெனோ என்பவர் புதுச்சேரிக்கு வந்து செடிகளைத் திரட்டினார். பின்னர் பெரோத்தே வந்தார். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் இன்றும் உலர்த்திய இலைகள் தாளில் ஒட்டப்பெற்றுக் காக்கப்படுகின்றன. அத்தாளின் மூலையில் திரட்டியவர் பெயர், இடம், நாள் ஆகியன இருக்கும். மரத்தில் ஏறிக் கிளையை ஒடித்துக் கொடுத்து, "இதன் பெயர் இது" என்று சொன்னவர் பெயரைப் பழைய சேகரிப்புகளில் பெரும்பாலும் காண இயலாது. எங்கும் இவ்வாறே நடந்தது என்றும் சொல்லிவிட முடியாது. கொச்சியிலிருந்த டச்சுக்காரர் வான் ரீடு 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியான மலபார்த் தாவர நூலில், தமக்குச் செடிகளைச் சொல்லிக் கொடுத்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் சான்றுரையை அவர் பெயரோடு அச்சிட்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அது கூடிற்று. பின்வந்தோர்க்கு ஏன் கூடவில்லை?

நம் சமுதாயத்தின் அறிவுத் தந்தையருள் ஒருவரான அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சித்த மருத்துவர் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பட்டையும் வேரும் அறிந்த குடும்பத்திலிருந்தே அவர் எழுத்துக்கு வந்தார். மற்றொன்றும் சொல்வோம். கருநாடக இசை மேடையில் வாசிப்பவர் பெயரை ஊரறியும். அவர் வாசிக்கும் மிருதங்கத்துக்குப் பலாக்கட்டையின் இழையையும் ஈரத்தையும் ஓசையையும் அறிந்து தேர்ந்து, தோல் பார்த்து மூட்டியவர்களுள் பெரும்பாலோர் தலித் கிறித்துவர்கள். பாலக்காடு மணி ஐயரின் வாத்தியத்துக்குப் பின்னே தஞ்சாவூர் செபாஸ்தியான் குடும்பத்துப் பர்லாந்தின் கைகள் இருந்தன. இதனை டி.எம். கிருஷ்ணா 2020இல் நூலாக எழுதிய பின்னரே பலர் அறிந்தனர். கட்டையைத் தேர்ந்தவர் பெயர் அச்சேற அவ்வளவு காலம் ஆயிற்று.

இனி, கட்டையைத் திரட்டுவது எங்ஙனம் என்பதற்கு வருவோம். முதலில், எதைத் தொடலாகாது என்பதைச் சொல்லிவிடுகிறோம். கோயிற்காட்டில் விழுந்த சுள்ளியையும் தொடாதீர்கள். அக்காடு மீண்டும் முளைப்பது அங்கு விழுந்து மக்கும் கட்டையிலிருந்தே. சந்தனமும் செம்மரமும் எவர் கொடுத்தாலும், என்ன கூலி பேசினாலும் தொடாதீர்கள். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் இருபது பேர் மாண்டனர். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள்; மலைவாழ் மக்களும் அவர்களுள் இருந்தனர். அம்மரத்தை விற்றுப் பொருள் சேர்த்தவர் எவரும் அன்று அக்காட்டில் இல்லை. இவ்வுரையை நாம் எடுத்துக்கொண்டதற்கு அந்நிகழ்ச்சியும் ஒரு காரணம். கோடரியை மட்டும் கையில் கொடுத்து, மரத்தின் பெயரையும் சட்டத்தின் பெயரையும் மறைத்து வைத்தால், ஏழையின் பிள்ளை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்படுவான் என்பதை அந்த இருபது உடல்களும் காட்டின.

நம் புதுச்சேரிக்கு ஒரு தனித் தொல்லையும் உண்டு. நம் நிலம் ஒரே பரப்பாக இல்லை. துண்டு துண்டாகத் தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே கிடக்கிறது. வில்லியனூரிலிருந்து கட்டை ஏற்றிய வண்டி நான்கு கல் போவதற்குள் எல்லை தாண்டிவிடும். அந்தப் பக்கம் 1968ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு மரப் போக்குவரத்து விதிகள். இந்தப் பக்கம் நம் வனத்துறை. ஆகவே சொந்த நிலத்து மரமாயினும், வெட்டுவதற்கு முன்னும் ஏற்றுவதற்கு முன்னும் வனத்துறையிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பிச் சோதனைச் சாவடியில் நிற்பவர் எப்பொழுதும் நம்மவராகவே இருக்கிறார்.

அப்படியானால் எதை எடுப்பது? நிற்கும் மரத்தை வெட்டாமலே கட்டை கிடைக்கும் வழிகள் மூன்று உள. புயலில் வீழ்ந்தது ஒன்று. தானேக்குப் பின், 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் நம் அருகிலேயே கரையேறியதைக் கண்டோம், இனியும் வரும். தானே புயலின்போது ஆரோவில்லில் கத்திச் சவுக்கு போன்ற அயல்நாட்டு மரங்கள் பெருமளவில் முறிய, நம் நிலத்து மரங்கள் பெரும்பாலும் தாங்கி நின்றன என்பதும் ஒரு பாடமே. எனினும் வீதியோரத்து வேம்பும் பூவரசும் விழத்தான் செய்யும். அவற்றை ஏலத்தில் எடுக்க நம் கழகமே முன்வரலாம்.

இரண்டாவது, இடிக்கப்படும் பழைய வீடு. நரசிங்கப்பேட்டையில் நாகசுரம் கடைவோர் ஆச்சா மரத்தில்தான் கடைவர். அதிலும் பழைய வீடுகளிலிருந்து கழற்றிய, பல்லாண்டு உலர்ந்த ஆச்சாவையே விரும்பித் தேடுவர். 2022இல் அந்நாகசுரம் புவிசார் குறியீடு பெற்றது. நம் நகரிலும் பழைய வீடுகள் இடிபடுகின்றன, இடிப்பவரும் நம்மவரே. எந்த உத்திரம் எந்த மரம் என்று தெரிந்தால் அதைச் செங்கல்லோடு சேர்த்து எறிய மாட்டார்கள்.

மூன்றாவது, சீமைக் கருவேல். நம் நாட்டுக்கு உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொணரப்பட்டு, ஏரியையும் புறம்போக்கையும் பிடித்துக்கொண்டது. அதை எவ்வளவு வெட்டினாலும் ஊர் வாழ்த்தும். நாம் அதனைக் கரிமூட்டம் போட மட்டுமே அறிவோம். ஆனால் அமெரிக்காவின் டெக்சாசிலும் மெக்சிகோவிலும் இதன் இனத்து மரங்களைக் கொண்டு மேசையும் நாற்காலியும் தளமும் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். அதன் வைரம் செம்பழுப்பு நிறம். உலர்ந்தபின் அதிகம் சுருங்காது, முறுக்காது. நம்மிடமுள்ளவை பெரும்பாலும் கோணலும் மெலிவுமானவை என்பது உண்மை. ஆயினும் தடித்த அடிமரம் கிடைத்தால் அதைக் கரிமூட்டத்துக்கு அனுப்புமுன் ஒரு கணம் நில்லுங்கள். கைப்பிடி, உளிப்பிடி, பலகை, கிண்ணம் எதுவும் கடையலாம். தொழில் கற்க விரும்பும் இளைஞர் கைபழகுதற்கு இதனினும் ஏற்ற மரம் இல்லை, கெடுத்தாலும் இழப்பில்லை.

எடுத்த கட்டையை வெயிலில் போட்டால் வெடித்துவிடும். ஈரம் அறுத்த முகங்களின் வழியாகவே விரைந்து வெளியேறுவதால், வெட்டிய அன்றே இரு முகங்களிலும் மெழுகோ வண்ணமோ பூசிவிட வேண்டும். நடுவழியாகப் பிளந்து, நிழலில், தரையில் படாமல், இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு என்பது தச்சர் கணக்கு. வெளிற்றைச் செதுக்கிவிடுங்கள், உளுப்பது அங்கிருந்துதான் தொடங்கும். தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று பெரியோர் சொல்வர். அதை நாம் சோதித்துப் பார்த்ததில்லை.

கழகத்துக்கு ஒரு விண்ணப்பம். நூலகத்தில் ஓர் அலமாரியை ஒதுக்கித் தாருங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் கையளவு கட்டை ஒன்று. ஒரு முகம் இழைத்தது, ஒரு முகம் பட்டையோடு. அதன்கீழே ஊர்ப்பெயர், தாவரவியற்பெயர், கிடைத்த இடம், நாள். அதற்கும் கீழே, அம்மரத்தை அடையாளம் காட்டிய பாட்டியின் பெயர், தாத்தாவின் பெயர். இவ்விறுதி வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடலாகாது. முதல் கட்டையை நாம் கொண்டுவந்திருக்கிறோம். அப்பெரியவர் சொன்ன பூவரசின் ஒரு துண்டு. அன்று வண்டியேறாமல் தப்பியது. அவர் இப்பொழுது இல்லை.

வரும் மாதத்து முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தில் கூடுவோம். புத்துப்பட்டுக்குச் சென்று நண்பகலுக்குள் திரும்பிவிடலாம். குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு வாருங்கள், அரிவாள் வேண்டா. வீட்டில் நடக்கக்கூடிய மூத்தோர் இருந்தால் அவர்களைத் தவறாமல் அழைத்து வாருங்கள். அவர்களுக்குரிய பேருந்துக் கட்டணத்தைக் கழகம் ஏற்கும் என்று தலைவர் அவர்கள் இசைந்துள்ளார்கள்.